ஏழாம் எண் குழாய்

முதலில் வந்தது தங்கையின் இருமலா, தட்டில் ஏழாம் எண்ணின் மஞ்சளா என்பதை என்னால் இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சில நாள் இருமல்தான் முதலில் என்று தோன்றுகிறது. அப்படியென்றால் நான் கவனிக்காதவள். சில நாள் மஞ்சள்தான் முதலில் என்று தோன்றுகிறது. அப்படியென்றால் நான் தெரிந்தே இருந்தவள். இரண்டில் எது எனக்குச் சாதகம் என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருப்பதால், அது சொல்வதை நான் நம்புவதில்லை. ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் தேதி இருக்கும். அந்தக் குறிப்பேடு இப்போது என் கையில் இல்லை.

நாங்கள் இருவரும் ஒரே வளாகத்தில் வேலை பார்த்தோம். நான் இரண்டாம் மாடியில், ஆஸ்துமா ஆராய்ச்சிப் பிரிவில் டெக்னீஷியன். பதினோரு வருடம். அவள் தரைத்தளத்தில், ஆய்வுக்கு எலி வளர்க்கும் எலிக்கூடத்தில். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். கூடத்திலும் அதுவே நிலைத்துவிட்டது.

அவளை அங்கே சேர்த்துவிட்டவள் நான்தான். அதற்கு முன் அவள் கணவன் வீட்டில் இருந்தாள். அவன் அடிக்க மாட்டான், குடிக்க மாட்டான். காலையில் வேலைக்குப் போகும்போது கதவை வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவான், அவ்வளவுதான். நாலு வருடம். ஒரு நாள் பூட்ட மறந்துவிட்டான். அவள் ஒரு பையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

அப்பா எங்கள் இருவருக்கும் ஒரே ஒரு கெடு கொடுத்திருந்தார். வேலை நிரந்தரமானால் அவள் தனியாக இருந்துகொள்ளலாம். இல்லாவிட்டால் மாப்பிள்ளையோடு பேசி அவளைத் திருப்பி அனுப்பிவிடுவார். நிரந்தரமாக இன்னும் மூன்று மாதம் இருந்தது. அதற்கு முன் ஒரு மருத்துவப் பரிசோதனை. எலியால் ஒவ்வாமை என்று தெரிந்தால் அன்றே வெளியே அனுப்பிவிடுவார்கள். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

என் வேலையைச் சுருக்கமாகச் சொன்னால் ஒட்டுக்கேட்பது. உடம்பிலுள்ள செல்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பிக்கொள்கின்றன. அந்தச் சேதிகள் சின்னச் சின்னப் புரதங்கள், சைட்டோகைன் என்று பெயர். எலியின் முடியிலிருந்து ஒரு பொடி மூச்சோடு உள்ளே போகிறது. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. சிலருக்கு மட்டும் மூச்சுக்குழாயின் உள்தோல் ஐயோ என்று கத்திவிடுகிறது. அதைக் கேட்ட வெள்ளணுக்கள் தங்கள் பங்குக்கு இன்டர்லூக்கின் என்ற சேதிகளை வீசுகின்றன. நான்காம் இன்டர்லூக்கின், இந்தப் பொடியை ஞாபகம் வைத்துக்கொள், அடுத்த முறை விடாதே என்கிறது. ஐந்தாவது, எலும்பு மஜ்ஜையிலிருந்து இயோசினோபில் என்ற அணுக்களைக் கும்பலாக வரவழைக்கிறது. பதின்மூன்றாவது, சளியை நிரப்பு, குழாயை இறுக்கு என்கிறது. எல்லாமே விசுவாசமான வேலைக்காரர்கள். ஒரு தூசி வந்ததற்கு ஊரையே கூட்டி, வீட்டுக்காரனின் கழுத்தை நெரித்துவிடுகிறார்கள்.

ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்து, எலிமுடிச் சாறு ஒரு சொட்டு விட்டு, ஐந்து நாள் வைத்திருப்போம். பிறகு அந்த நீரைத் தொண்ணூற்றாறு குழிகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டில் ஊற்றிப் பார்ப்போம். சேதி அதிகம் என்றால் மஞ்சள் அதிகம். நோயாளிகளின் குழிகள் மஞ்சளாகும். ஆரோக்கியமானவர்களின் குழிகள் தண்ணீர் போலவே இருக்க வேண்டும். அந்த ஆரோக்கியமானவர்களை நாங்கள் வெளியே தேடுவதில்லை. வளாகத்து ஆட்களே ரத்தம் கொடுப்பார்கள். எலிக்கூடத்துக்காரர்கள் மட்டும் கொடுக்கக் கூடாது.

பன்னிரண்டு பேர் வேண்டும். அன்று பதினொருவர்தான் கிடைத்தார்கள். பன்னிரண்டாவதாக வந்த நூலக எழுத்தர் ஊசியைப் பார்த்ததும் நாற்காலியோடு சாய்ந்துவிட்டார். எங்கள் பிரிவின் தலைவரான மேடம் சாயங்காலத்துக்குள் முடி என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் தங்கையைக் கூப்பிட்டேன்.

"எலிகிட்டதான் ரத்தம் எடுப்பீங்க, இப்ப எங்ககிட்டயுமா?" என்று கையை நீட்டினாள். நரம்பு நழுவி நழுவிப் போனது. பாதிக் குழாய்தான் வந்தது.

"போதும்டி, விடு."

"அவ்வளவுதான் இருக்கு. மீதிய அந்த வீட்லயே விட்டுட்டு வந்துட்டேன்."

படிவத்தில் துப்புரவுப் பிரிவு என்று எழுதினேன். இருமல், மூச்சில் விசிலடிக்கும் வீசிங் உண்டா என்று கேட்டேன். இல்லை என்றாள். அப்போது ஜன்னலைப் பார்த்தாள் என்று நினைவிருக்கிறது. அல்லது, அவள் ஜன்னலைப் பார்த்திருக்க வேண்டும் என்று நான் பிறகு சேர்த்துக்கொண்டேன். எது யாருடையது என்று எங்களுக்குத் தெரியக் கூடாது என்பதற்காகக் குழாய்களைக் கலைத்து எண் ஒட்டியது டைப்பிஸ்ட். பெயர்ப் பட்டியல் உறைக்குள் போட்டு ஒட்டப்பட்டு மேடத்தின் அலமாரிக்குள் போனது.

ஐந்து நாள் கழித்து, பதினொரு ஆரோக்கியமானவர்கள் தண்ணீராக இருந்தார்கள். ஏழாம் எண் மட்டும் நோயாளிகள் எல்லோரையும்விட மஞ்சளாக இருந்தது.

மேடம் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "என்னம்மா இது, பேஷண்ட் ரத்தத்தக் கொண்டுபோய் இதுல ஊத்திட்டியா?"

"இல்ல மேடம்."

"பின்ன எலிமேல இந்த ஆளுக்கு என்ன இவ்வளவு கோவம்? கீழ எலிக்கூடத்து ஆள் யாராவது குடுத்தாங்களா?"

"இல்ல மேடம்."

அவ்வளவு சீக்கிரமாக நான் எதற்கும் பதில் சொன்னதில்லை. திரும்பச் செய்யச் சொன்னார். மீதி நீரை எடுக்கக் குளிர்பெட்டியைத் திறந்தேன். பதினொரு குழாய்கள் ஒரே உயரத்துக்கு நிரம்பியிருந்தன. ஏழாவது மட்டும் பாதி. அதை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று தெரியவில்லை. கதவு திறந்தே இருந்ததால் பெட்டி கீச்சுக்கீச்சென்று கத்த ஆரம்பித்தது. அதற்குப் பிறகுதான் மூடினேன்.

இரண்டாம் முறையும் அதே மஞ்சள். "தூக்கிப் போடு. கலப்படம்னு எழுதிடு" என்றார் மேடம். எழுதினேன்.

அன்று மாலை வீட்டில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்தேன். நான் பேசாமல் உட்கார்ந்தால் அவளுக்குப் புரியும்; சின்ன வயதிலிருந்தே அப்படி. நாலு துணி மடித்தாள். பிறகு எழுந்துபோய், வாசலில் கிடந்த ஷூவுக்குள் கையை விட்டு ஒரு நீல இன்ஹேலரை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"எத்தன நாளா?"

"எட்டு மாசம் இருக்கும்."

"அடிப் பாவி. எட்டு மாசமா என் பக்கத்துல படுத்துக்கிட்டு..."

"நீ குறட்ட விடறதுல என் வீசிங் எங்க கேக்கப்போகுது உனக்கு?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாளைக்கே மேடத்திடம் சொல்லப்போகிறேன் என்றேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை சில்லென்று இருந்தது.

"அக்கா, மூணே மாசம். நிரந்தரம் ஆயிடட்டும். அப்புறம் நானே வேற பிரிவு கேட்டு மாத்திக்கறேன். இப்ப வெளிய அனுப்பினா அப்பா அவன கூட்டிட்டு வந்து நிப்பாரு. இங்க மூச்சு முட்டுனா இத வச்சு ரெண்டு தடவ அடிச்சுக்கலாம். அங்க என்னத்த அடிச்சுக்க?"

நான் கையை உருவிக்கொண்டேன்.

"உன்கிட்டதான் மெஷின் இருக்குல்ல. நீயே பாரு. ஏறிச்சுன்னா சொல்லு, அன்னிக்கே நின்னுடறேன். உன்மேல சத்தியம்."

இதுதான் நான் செய்த காரியம். வேறு யாராவது அக்காவாக இருந்தால் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போயிருப்பாள். என்னிடம் தட்டு இருந்தது. எண்ணைப் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன்.

தட்டின் ஓரக் குழிகளை நாங்கள் பயன்படுத்த மாட்டோம். ஓரத்தில் நீர் சீக்கிரம் வற்றும், கணக்கு பிசகும். அவற்றில் வெறும் உப்புநீர் ஊற்றி வைப்போம். அந்தக் குழிகளில் மூன்றைத் தங்கைக்குக் கொடுத்தேன். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமையலறை மேசையில் அவள் கையை நீட்டுவாள். ஒவ்வொரு முறையும் பாதிக் குழாய்தான். பெயர் எழுதாமல், கீழே ஒரு புள்ளி மட்டும் வைத்துத் திங்கட்கிழமை கொண்டுபோவேன்.

ஐந்தாம் இன்டர்லூக்கின் முதலில் அறுநூற்றுப் பன்னிரண்டு. அடுத்த முறை முந்நூற்று நாற்பது. அதற்கடுத்து தொண்ணூறு. நான் நம்பவில்லை, இரண்டு முறை செய்து பார்த்தேன். தொண்ணூறுதான். எலிக்கூடத்தில் மூக்குக்கவசம் ஒழுங்காகப் போடுகிறாள், அதனால்தான் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். பக்கத்தில் படுத்தால் மூச்சில் சத்தம் இல்லை. நன்றாகச் சாப்பிட்டாள். கன்னம் உருண்டு வந்தது.

"முகத்துல சதை போட்டிருக்குடி. நல்லாருக்கு."

"உன் சமையல்ல சதை போடணும்னா நிஜமாவே உடம்பு தேறித்தான் இருக்கணும்" என்றாள்.

நோயாளிகளைச் சேர்க்கும் படிவத்தில் ஒன்பதாவது கேள்வி: ஸ்டெராய்டு மாத்திரை ஏதாவது எடுக்கிறீர்களா? எடுத்தால் எல்லாச் சேதிகளும் அடங்கிவிடும், எண் கீழே விழும், அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. அந்தக் கேள்வியை நான் இருநூறு பேரிடமாவது கேட்டிருப்பேன். அவளிடம் கேட்கவில்லை. அவளுக்கு நான் படிவம் எழுதவில்லை.

கடைசித் தட்டைப் படித்தது ஒரு புதன்கிழமை காலை. பதினெட்டு. தண்ணீர் மாதிரி. ஓரக் குழி மூன்றும் பளிங்காக இருந்தன. மருத்துவப் பரிசோதனைக்கு இன்னும் ஆறு நாள். நான் எலிக்கூடத்துக்கு இன்டர்காமில் கூப்பிட்டேன்.

"பதினெட்டுடி!"

"நிஜமாவா?" என்றாள். பிறகு இருமினாள்.

"என்ன இருமல்?"

"இன்னிக்கு பெட்டிக்கெல்லாம் மரத்தூள் மாத்தற நாள். ஆயிரத்து நானூறு எலி, சல்லடை மேலயே நிக்கறான்." சல்லடை என்பது அவள் சூப்பர்வைசருக்கு வைத்த பெயர், எதையும் சலித்துப் பார்க்காமல் விட மாட்டார். "கவசத்துக்குள்ள மூச்சு விட முடியலக்கா. பதினெட்டுன்னா கொஞ்ச நேரம் கழட்டிக்கவா?"

நான் என்ன சொன்னேன்? உன் இஷ்டம் என்று சொன்னேனா, கழற்றிக்கொள் என்று சொன்னேனா? வேண்டாம் என்று சொல்லவில்லை. அது மட்டும் நிச்சயம். சந்தோஷத்தில் இருந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து இன்டர்காம் அடித்தது. சூப்பர்வைசர். "உங்க தங்கச்சி உக்காந்திருக்கும்மா. என்ன கேட்டாலும் பேசமாட்டேங்குது. மொறைச்சுக்கிட்டு உக்காந்திருக்கு."

படியிறங்கி ஓடினேன். எலிக்கூடத்துக்கு இரண்டு கதவுகள். நடுவே ஆடை மாற்றி, கால் கழுவி, வேறு செருப்பு போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். வெளிக்கிருமி ஒன்று போனாலும் கூடமே கெட்டுவிடும். நான் இரண்டு கதவையும் அப்படியே தள்ளிக்கொண்டு போனேன். "செருப்போட வராதீங்க! ஐயோ, செருப்போட வராதீங்க!" என்று பின்னால் அவர் கத்தினார்.

கவிழ்த்துப் போட்ட ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். முழங்காலில் கைகளை ஊன்றி, தோள்கள் காதுவரை ஏறி இறங்கின. கவசம் மடியில் கிடந்தது. தலைமுடியெல்லாம் மரத்தூள். உதடு சாம்பலாக இருந்தது. நெஞ்சில் காதை வைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. வீசிங் இல்லை என்று ஒரு கணம் மனம் லேசானது. அந்தக் கணத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. விசில் அடிக்கவும் காற்று வேண்டும். உள்ளே போக ஒன்றும் மிச்சமில்லாததால்தான் அந்த நிசப்தம்.

"இன்ஹேலர் எங்கடி?"

தலையாட்டினாள். காலியானது பக்கத்தில் உருண்டு கிடந்தது.

"அக்கா" என்றாள். மூச்சு. "அவன்கிட்ட." மூச்சு. "அனுப்பாத."

எலித்தீவனம் இறக்க வந்த வேன் வாசலில் நின்றது. சூப்பர்வைசரும் நானும் அவளைத் தூக்கிப் போய் அதில் ஏற்றினோம். படுக்க வைத்தால் திமிறினாள், உட்கார வைத்துப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அவளுக்குள் நடப்பது ஒவ்வொன்றும் தெரிந்திருந்தது. எந்தச் சேதி எதைக் கூப்பிடுகிறது, எது குழாயை இறுக்குகிறது, எது சளியால் அடைக்கிறது, எல்லாம் பாடமாகத் தெரியும். நிறுத்துங்கள் என்று அவற்றிடம் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. பதினோரு வருடம் கேட்டுக்கொண்டு மட்டும்தான் இருந்திருக்கிறேன். ஒவ்வொரு சிக்னலிலும் டிரைவர், "இதோ, இதோ" என்றார்.

அவசரப் பிரிவில் இருந்த பெண் மருத்துவர் நெபுலைசரை மாட்டிக்கொண்டே கேட்டார். "ஸ்டெராய்டு எத்தன நாளா சாப்பிடறாங்க?"

"சாப்பிடல டாக்டர்."

"முகத்தப் பாருங்க. மாத்திரையில உப்பின முகம்."

பார்த்தேன். இரண்டு மாதமாக நான் நல்லாருக்கு என்று சொல்லிக்கொண்டிருந்த முகம்.

"எப்ப நிறுத்தினாங்க? அது தெரியணும் எனக்கு. சட்டுன்னு நிறுத்தினா இப்படித்தான் திருப்பி அடிக்கும்."

அவள் கைப்பையைக் கவிழ்த்தேன். கத்தரித்த ஒரு மாத்திரை அட்டை, இரண்டு மீதி. மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கியிருக்கிறாள். பரிசோதனையில் மாத்திரை தெரிந்துவிடும் என்று பயந்து, ஒன்பது நாளைக்கு முன்னால், கடைசி ரத்தம் கொடுத்த மறுநாளே நிறுத்திவிட்டாள். இதெல்லாம் அவள் பிறகு சொன்னது. அப்போது எனக்குத் தெரிந்தது, அந்தப் பதினெட்டு அவளுடையது இல்லை, மாத்திரையுடையது என்பது மட்டும்தான்.

தொண்டைக்குள் குழாய் போட்டு வென்டிலேட்டரில் இணைத்தார்கள். இருபத்திநாலு மணி நேரம் போகணும் என்றார் மருத்துவர். போன பிறகு, இன்னொரு இருபத்திநாலு என்றார். தாழ்வாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சூப்பர்வைசர் மறுநாள் பகலில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"செருப்போட வந்தீங்கல்ல" என்றார் கடைசியில்.

"ஆமா."

"கூடம் முழுக்க எலிய முடிச்சுடச் சொல்லிட்டாங்கம்மா. ஆயிரத்து நானூறும். தங்கச்சி கண்ணு முழிச்சா சொல்லிடாதீங்க. ஒவ்வொரு பெட்டியும் அதுக்கு மனப்பாடம்."

மூன்றாம் நாள் மேடம் வந்தார். ஆப்பிள் ஒரு பை கொண்டுவந்திருந்தார், யாருக்கு என்று தெரியவில்லை. நான் எழுந்து நின்றேன்.

"மேடம், ஏழாம் எண் இவதான். நான்தான் பொய் சொன்னேன். ஓரக் குழியிலயும் இவளோடதத்தான் ஊத்தினேன்."

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார், திரும்ப மாட்டினார், திரும்பக் கழற்றினார்.

"எனக்கு அன்னிக்கே தோணுச்சு" என்றார். "உறைய பிரிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். ரெண்டாவது தடவ கேட்டா நீ நிஜத்தச் சொல்லிடுவியோன்னு கேக்கல. கட்டுரை அனுப்ப ஒரு வாரம்தான் இருந்துது."

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இயந்திரம் அவளுக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஒன்று, நிறுத்தம், ஒன்று. நானும் என்னை அறியாமல் அதோடு சேர்ந்து விட்டுக்கொண்டிருந்தேன்.

ஆறாம் நாள் குழாயை எடுத்தார்கள். ஒன்பதாம் நாள் அப்பா வந்தார். கூடவே அவனும் வந்தான், கையில் பழச்சாறு. அவள் எழுந்து உட்கார்ந்தாள். குரல் கிழிந்துபோயிருந்தது. "வரமாட்டேன்" என்று ஒரே வார்த்தை. அப்பா என்னைப் பார்த்தார். நான் வாசற்படியில் போய் நின்றுகொண்டேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இருவரும் போனார்கள்.

தங்கைக்கு எலிக்கூட வேலை போய்விட்டது. இப்போது லிஃப்ட் பழுதுபார்க்கும் ஒரு நிறுவனத்தில் போன் எடுக்கிறாள். உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம், ஆள் போய்ச் சேரும்வரை பேசிக்கொண்டிருக்க வேண்டும். நாலு வாரத்துக்கு ஒருமுறை ஊசி போட்டுக்கொள்கிறாள். ஐந்தாம் இன்டர்லூக்கினை வழியிலேயே மடக்கும் ஊசி அது. படி ஏறினால் இன்னும் மூச்சு வாங்குகிறது. அவள் கணவன் விவாகரத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டான். அப்பா போன் செய்வதில்லை. சூப்பர்வைசரை வேறு வளாகத்துக்கு மாற்றினார்கள். மேடத்தின் கட்டுரை, ஆரோக்கியமானவர்கள் பதினொருவர் என்று வெளிவந்தது. அடுத்த வருடம் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். எலிகள் ஒன்றும் மிஞ்சவில்லை. என்னை வேலையிலிருந்து நீக்கினார்கள். ஒரு சின்ன ரத்தப் பரிசோதனைக் கடையில் சர்க்கரை பார்க்கிறேன். தங்கை தன் ரத்தத்தை வேறு இடத்தில்தான் கொடுக்கிறாள். அந்தப் புதன்கிழமை இன்டர்காமில் நான் என்ன சொன்னேன் என்று அவள் இதுவரை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.